எட்டு நாள் விளக்கம்

நான் கோபக்காரன் இல்லை. என்னைக் கோபப்பட வைக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தில் தபால் எடுத்துப்போகும் கண்ணாயிரம் இருக்கிறானே, அவன் கோபக்காரன். அவனுக்குக் காரணமே தேவையில்லை, பிறவியிலேயே அப்படி. நான் கோபப்பட்ட ஒவ்வொரு முறையும் தகுந்த காரணம் இருந்திருக்கிறது. தேதி, நேரம் எல்லாம் என்னால் சொல்ல முடியும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கடலூரில் இப்போது என்னைப் பற்றி வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள்.

என் பெயர் ராமாமிர்தம். வீடு சிதம்பரத்தில். வேலை கடலூரில், ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்தத் துறை என்பது உங்களுக்கு வேண்டாம், எல்லாத் துறையும் ஒன்றுதான். அகலப்பாதை போடுகிறோம் என்று ரயிலை நிறுத்திவிட்டார்கள், அதனால் போக வர பஸ்தான். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடித்துவிடுவேன். எனக்கு மூட்டு வலி. ஐம்பத்தேழு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டு வர முடியாது. மற்றவர்களும் போடுகிறார்கள், துண்டு, கைக்குட்டை, கூடை. ஒருவன் ஒருமுறை தன் குழந்தையையே ஜன்னல் வழியாக உள்ளே அனுப்பினான். அத்தனை பேருக்கும் மூட்டு வலியா என்ன? நாகரிகம் தெரியாத ஜனங்கள்.

கடலூர் மாவட்டத்தில் என்னைப் போல மெமோ எழுத ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, மெமோ வாங்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். விளக்கம் எழுதவும் என்னைப் போல ஆள் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் அலுவலகத்தில் மெமோ எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமையானால் விருத்தாசலம், பண்ருட்டி, காட்டுமன்னார்கோயில் என்று எங்கிருந்தோ மெமோ வாங்கியவர்கள் என் வீடு தேடி வருவார்கள். அவர்களுக்கு விளக்கம் எழுதிக் கொடுப்பேன். கைநீட்டி எதுவும் வாங்குவதில்லை. பண்ருட்டிக்காரர்கள் பலாப்பழம் கொண்டுவந்தால் மட்டும் மறுத்து அவர்கள் மனதை நோகடிக்க மாட்டேன்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. மெமோவில் ஆளைப் பற்றி எழுத வேண்டும், விளக்கத்தில் ஊரைப் பற்றி எழுத வேண்டும். ஓர் எழுத்தர் அரை மணி தாமதமாக வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமோ இப்படிப் போகும்: ‘தாங்கள் கடமை உணர்வு சிறிதுமின்றி, அலட்சியப் போக்குடன், அலுவலக நேரத்தை மதியாமல்…’ அதற்கு விளக்கம் இப்படிப் போகும்: ‘அன்று ஆலப்பாக்கம் அருகே வைக்கோல் ஏற்றிய வண்டி சாலையில் கவிழ்ந்தமையாலும், அதே வேளையில் மழை பெய்தமையாலும்…’ மெமோவுக்குள் வைக்கோல் வண்டி வந்துவிடக் கூடாது. விளக்கத்துக்குள் அலட்சியம் வந்துவிடக் கூடாது. நான் எழுதிய மெமோவுக்கு நானே விளக்கம் எழுதிக் கொடுத்த சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றில் பாதி ஜெயித்திருக்கின்றன.

பிரிசில்லா விஷயத்துக்கு வருகிறேன்.

பிரிசில்லா எங்கள் அலுவலகத்தில் ‘பி’ பிரிவு உதவியாளர். பதினாலு வருட சர்வீஸ். செம்மண்டலத்தில் வீடு. கணவர் இல்லை. அம்மா சவரியம்மாளுக்குப் பக்கவாதம் வந்து இடது கை, இடது கால் விழுந்துவிட்டது. மதியம் மணி ஒன்றடித்தால் பிரிசில்லா ஸ்கூட்டியில் வீட்டுக்குப் பறந்துபோய் அம்மாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவாள். அந்த வருடம், இரண்டாயிரத்து எட்டு, கண்காணிப்பாளர் பதவி உயர்வுக்கு அவள் முறை. காலியிடமும் கடலூரிலேயே, பக்கத்துக் கட்டடத்திலேயே இருந்தது. பட்டியல் செப்டம்பர் இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை தலைமையகத்துக்குப் போகிறது. அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். அப்போது எந்த ஊரில் காலியிடம் இருக்குமோ, ஓசூரோ தக்கலையோ.

“அம்மாவத் தூக்கிகினு எங்க சார் போவேன்? இங்கயே கெடச்சாத்தான் உண்டு” என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனவே அவளுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நன்றாகத் தெரியும்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, சிதம்பரம் கோர்ட்டில் எங்கள் அலுவலகத்தின் மேல் ஒரு நில வழக்கு. எங்கள் அதிகாரி கோப்போடு ஆஜராக வேண்டும். கோப்பைக் காணவில்லை. கோப்பில்லாமல் போனவரை நீதிபதி அரை மணி நேரம் நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்டுவிட்டார். திரும்பி வந்தவர் நேராக என் மேசைக்கு வந்தார்.

“அந்த பைல யாரு பாக்கறது?”

“பிரிசில்லா சார்.”

“மெமோ குடுங்க.”

எழுதினேன். நான் எழுதியவற்றில் அது ஒரு நல்ல மெமோ. ‘நீதிமன்ற வழக்குக் கோப்பு என்றும் பாராது, பொறுப்பற்ற தன்மையுடனும், இயல்பான அலட்சியத்துடனும் அதைத் தொலைத்து, அலுவலகத்துக்குத் தீராத அவப்பெயர்…’ பத்து நாளில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது.

மெமோவை வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். அழவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, தவறு செய்தவர்களுக்கு ஒரு கலக்கமாவது வேண்டாமா?

“சார், அந்த பைல ஒம்பதாம் தேதி மத்தியானம் உங்க கையில குடுத்தேன். கரெண்ட் போயிருந்துச்சு. இருட்டுல ஒண்ணும் தெரியல, வீட்டுல போயிப் பாத்துட்டு எடுத்தாறேன்னு சொன்னீங்க.”

“எனக்கு ஞாபகமில்லையேம்மா.”

“அன்னிக்கு உங்களுக்கு வேல ஜாஸ்தி சார். மூணு மணிக்கு மீட்டிங் வேற. மறந்திருப்பீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. வேலை அதிகமானால் மறப்பதற்கு நான் என்ன பிரிசில்லாவா? தன் தவறை இன்னொருவர் தலையில், அதுவும் அவர் மேல் இரக்கப்படுகிற மாதிரி கட்டுவது ஒரு தனிக் குணம். சிலருக்கு அது ரத்தத்திலேயே ஊறியிருக்கும்.

ஆனாலும் மூன்று நாள் கழித்து அவளே வந்து, “எல்லாரும் நீங்க எழுதுனாத்தான் நிக்கும்ங்கறாங்க சார். எனக்கும் எழுதிக் குடுங்க” என்று கேட்டபோது நான் மறுக்கவில்லை. மெமோ எழுதியவன் நான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பழிவாங்குகிற ஆள் நான் இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன்.

“என் கையில குடுத்தேன்னு மட்டும் எழுதக் கூடாது. மேல இருக்கறவங்க மேல பழியப் போட்டா அதிகாரிக்குப் பிடிக்காது. கோப்பு இடம் மாறியிருக்கக்கூடும்னு எழுதுவோம்.”

“நான் எடம் மாத்தலயே சார்?”

“விளக்கம் எழுதறது தப்பிக்கறதுக்கும்மா. நடந்தத எழுதறதுக்கு இல்ல.”

கையில் இருந்த மெமோவை நாலாக மடித்தாள். பிறகு, “சரி சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். மனம் வைத்து எழுதினேன். பதிவறைக் கூரை ஒழுகியதையும், அலமாரிகளை இடம் மாற்றியதையும், இரண்டு உதவியாளர் பணியிடங்கள் காலியாக இருந்து மூன்று பேர் வேலையை ஒருத்தியே பார்த்ததையும், நோயுற்ற தாயாரையும் அடுக்கினேன். மூன்றாம் பக்கம் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். இவ்வளவு கஷ்டத்திலும் ஒரே ஒரு கோப்பைத்தான் தொலைத்திருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றும்.

சுத்தப்படி எடுக்க வெள்ளைத் தாள் வேண்டியிருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் என் பழைய பை தொங்கியது. கைவிட்டேன். கோப்பு இருந்தது.

அதே கோப்பு. மேலே பிரிசில்லாவின் குண்டு எழுத்தில் வழக்கு எண்.

“இந்தப் பைய யாரு இங்க மாட்டுனது?” என்று கத்தினேன். என் மனைவி சௌந்தரம் அடுக்களையிலிருந்து வந்தாள்.

“நீங்கதான். பஸ்ஸுல எடம் போடறப்ப காது அறுந்துபோச்சு, தைக்கக் குடுக்கணும்னு சொல்லி மாட்டுனீங்க. மறுநாள்லேருந்து வேற பை எடுத்துட்டுப் போறீங்க.”

உண்மைதான். ஒன்பதாம் தேதி சாயங்காலம் கடலூர் பஸ் நிலையத்தில் நான் பையைப் போட்ட இடத்தில் ஒரு பெண்மணி முன்பே கூடையை வைத்திருந்தாள். இரண்டு பேரும் இழுத்ததில் பையின் காது அறுந்தது. அவள் மட்டும் நாகரிகமாக நடந்துகொண்டிருந்தால் பை அறுந்திருக்காது. அறுந்திருக்காவிட்டால் மறுநாளும் அதையே எடுத்துப் போயிருப்பேன், கோப்பும் அலுவலகம் போயிருக்கும். அதற்கும் முன்னால், மின்வெட்டு மட்டும் இல்லாதிருந்தால் கோப்பை நான் பையில் வைத்திருக்கவே மாட்டேன். எங்கள் தெருத் தையல்காரர் கடையைக் காலி செய்துவிட்டுப் போனதும் ஒரு காரணம். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால் இதில் என் பங்கு என்று தனியாக ஒன்றுமே இல்லை.

“அப்ப அந்தப் பொண்ணு மேல தப்பில்லதான?” என்றாள் சௌந்தரம்.

“இல்லதான்.”

“நாளைக்கே கொண்டுபோயி குடுத்துடுங்க.”

“பின்ன? வச்சுக்கவா போறேன்?”

கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். இது சத்தியம். இருந்தாலும் மேசைமேல் அந்த மூன்று பக்கங்கள் கிடந்தன. கோப்பு கிடைத்துவிட்டது என்றால் அந்த விளக்கத்துக்கு வேலையில்லை, கிழித்துப்போட வேண்டியதுதான். எனக்கு மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். இப்படிப்பட்ட விளக்கத்தை யாராலும் தள்ள முடியாது. விளக்கத்தை ஏற்றுக்கொண்டு பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். பிறகு ஒரு நாள் கோப்பைப் பதிவறையில் வைத்துவிட்டால் தானாகக் கிடைத்த மாதிரி ஆகிவிடும். அவளுக்கும் நல்லது, எனக்கும் சங்கடமில்லை. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

திங்கட்கிழமை விளக்கத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டைப் செய்து கையெழுத்துப் போட்டாள். அன்று அதிகாரி சிதம்பரம் முகாம் போய்விட்டதாக ஞாபகம். அவர் இல்லாதபோது கோப்பை யாரிடம் கொடுப்பது?

செவ்வாய்க்கிழமை பையில் கோப்பை வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். சிப்காட் தாண்டும்போது ஏதோ ஒரு புகை, அழுகின முட்டை நாற்றம். தலை பிளந்துவிட்டது. அந்தத் தலைவலியோடு ஒரு பொறுப்பான காரியத்தைச் செய்ய முடியுமா?

புதன்கிழமை நிச்சயம் சொல்லியிருப்பேன். ஆனால் பிரிசில்லா காலையில் என் மேசையைத் தாண்டிப் போகும்போது வணக்கம் சொல்லவில்லை. விளக்கம் எழுதி வாங்கும்வரைதான் மரியாதை. காரியம் ஆனதும் கண்டுகொள்ளாத சுபாவம். இப்படிப்பட்டவளுக்காக நான் ஏன் அவசரப்பட வேண்டும் என்று தோன்றியது. அன்று காலை அவள் அம்மாவுக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேராக வந்தாளாம். அதை எனக்கு யாரும் சொல்லவில்லையே.

வியாழக்கிழமை அதிகாரி போனில் யாரையோ கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்துகிற நாளில் உள்ளே போகக் கூடாது என்பது கண்ணாயிரத்துக்குக்கூடத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை நான் உண்மையாகவே நாற்காலியை விட்டு எழுந்தேன். கோப்பு கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரெண்ட் போனது. இருட்டில் எங்கே போவது என்று உட்கார்ந்துவிட்டேன். கரெண்ட் வந்தபோது பட்டியல் பேக்ஸில் போய்விட்டது.

பிரிசில்லா பெயர் இல்லை. அவளுக்கு மூன்று வருடம் ஜூனியரான செம்பியனின் பெயர் இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பேர்ப்பட்ட விளக்கத்தைத் தள்ளியிருக்கிறாரே, இந்த அதிகாரிக்கு எழுத்தின் அருமையும் தெரியவில்லை, மனிதர்களின் கஷ்டமும் புரியவில்லை, ஈரமில்லாத ஆள் என்று மனதுக்குள் திட்டினேன்.

பிரிசில்லா டிபன் பாக்ஸைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். அன்று மதியம் அம்மாவுக்குச் சோறு ஊட்டப் போகும்போது ஸ்கூட்டிச் சாவியை மேசையிலேயே மறந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா” என்று நான்தான் முதலில் போய் ஆறுதல் சொன்னேன்.

இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். பிரிசில்லா. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும்.

“வெளக்கம் எடுபடல, அது வேற சார். ஆனா ஞாயித்துக்கெழம ஒக்காந்து எனக்காக மூணு பக்கம் எழுதுனீங்களே. ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சௌந்தரம் காப்பித் தம்ளரோடு வந்துவிட்டாள். அவள் எதையும் யோசித்துப் பேசுகிறவள் இல்லை, நாக்கில் வந்ததைச் சொல்லிவிடுவாள்.

“பைலு கெடச்சும் ஏம்மா ஒன் பேரு வரல?”

பிரிசில்லா தம்ளரை வாங்கிக்கொண்டாள். “எந்த பைலுக்கா?”

“அதான், காணாமப்போன பைலு. இந்த ஆணியில மாட்டுன பையிலதான இருந்துது.”

“எப்பக்கா கெடச்சிது?”

“போன ஞாயித்துக்கெழம. ஒனக்கு எழுதிக்கினு இருக்கும்போதே.”

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் நான் பேசினேன். மின்வெட்டு, கூடைக்காரப் பெண்மணி, தையல்காரர், முகாம், சிப்காட் புகை, தலைவலி, அதிகாரியின் போன் எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சொன்னேன். என் விளக்கங்களிலேயே அது நீளமானது. பிரிசில்லா காப்பியை முழுவதும் குடித்தாள். ஆணியைப் பார்த்தாள். இப்போது அதில் ஒன்றும் இல்லை. “பஸ்ஸுக்கு நேரமாச்சு சார், அம்மா தனியா இருக்கு” என்று எழுந்தாள். சௌந்தரத்திடம் மட்டும் “வரேங்க்கா” என்று சொல்லிக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, யாரும் கேட்பதற்கு முன்பாகவே, நானாகக் கோப்பைக் கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் வைத்தேன். எத்தனை பேருக்கு இந்த நேர்மை வரும்? எப்போது கிடைத்தது என்று கேட்டார். அதையும் மறைக்கவில்லை, இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்றேன். அவர் என்னையும் கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பட்டியல் போனப்பறமா கொண்டாந்து குடுக்கறீங்க?” என்றவர், மணியடித்துக் கண்ணாயிரத்தைக் கூப்பிட்டார். “பி செக்‌ஷன்ல சொல்லு. கண்காணிப்பாளருக்கு ஒரு மெமோ போடச் சொல்லு.”

பி செக்‌ஷன் என்றால் பிரிசில்லா.

நான் தயாராகத்தான் இருந்தேன். அவள் என்ன எழுதுவாள் என்று எனக்குத் தெரியாதா? அவள் பார்த்து வளர்ந்ததே என் மெமோக்களைத்தான். ‘அலட்சியம்’ என்று எழுதுவாள். முப்பத்திரண்டு வருடக் களங்கமற்ற சர்வீஸ் என்று பதில் எழுதலாம். ‘உள்நோக்கம்’ என்று எழுதுவாள். தனியருக்கு, அதாவது மெமோ வாங்கியவளுக்கு, நானே விளக்கம் எழுதிக் கொடுத்த கருணை ஒன்றே போதாதா என்று கேட்கலாம். ‘பொறுப்பற்ற தன்மை’ என்றால் மின்வெட்டு அட்டவணையை இணைத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் குறிப்பெடுத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கண்ணாயிரம் மெமோவைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டான். அதில் இவ்வளவுதான் இருந்தது:

‘கோப்பு 9.9.2008 அன்று தங்களிடம் கொடுக்கப்பட்டது. 21.9.2008 அன்று அது தங்கள் வீட்டில் தங்களுக்குக் கிடைத்தது. 29.9.2008 அன்று அதை ஒப்படைத்தீர்கள். இடையில் உள்ள எட்டு நாட்களில் ஒவ்வொரு நாளும் தாங்கள் என்ன செய்தீர்கள் என்பதை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.’

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை. கண்ணாயிரத்திடம், “இன்னொரு பக்கம் இருக்குதா?” என்றுகூடக் கேட்டேன். “குடுத்தது அவ்ளோதான் சார்” என்றான் வெடுக்கென்று. அவன் குணம் அப்படி.

நான் எப்படிப்பட்டவன் என்று அதில் ஒரு சொல் இல்லை. எதை மறுப்பது? எதற்கு வருத்தப்படுவது? அன்று வீட்டில் மூன்று பக்கம் எழுதினேன், கிழித்தேன். மறுநாள் ஐந்து பக்கம். எல்லாம் ஒன்பதாம் தேதியைப் பற்றியே போயின. கூடைக்காரப் பெண்மணிக்கே ஒரு பக்கம் ஆயிற்று. ஆனால் மெமோ ஒன்பதாம் தேதியைக் கேட்கவே இல்லை, இருபத்தொன்றுக்குப் பிறகுதான் கேட்டிருந்தது. இப்படி ஒரு மெமோ எழுத ஒருத்திக்கு எவ்வளவு வன்மம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு நாள் இப்படியே போனது. அக்டோபர் ஆறாம் தேதி, கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, மதியம் இரண்டு மணிக்கு மேல் பிரிசில்லா வீட்டிலிருந்து திரும்பியதும் அவள் மேசைக்குப் போனேன். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஒன்றுதான், அது அவள் மேசையில் இருக்கிறது. யார் விளக்கமானாலும் அவள்தான் டைப் செய்ய வேண்டும்.

“ஏம்மா,” என்றேன் தணிந்த குரலில், “அலட்சியம்னு ஒரு வார்த்தையாவது போட்டிருக்கக் கூடாதா?”

நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

“போட்டா அதுக்கு நீங்க பதில் எழுதிடுவீங்க சார்” என்றாள்.

எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். “சரி, நாள்வாரியாவே போடுவோம். தேதியெல்லாம் எனக்குக் குழம்புது” என்றேன்.

அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவளுடைய சொந்தக் கோப்பு. அவளுக்குக் கொடுத்த மெமோ, அவளுடைய விளக்கம், பட்டியல் உத்தரவு எல்லாம் அதில்தான் இருக்கும். “இதுல தேதி இருக்கும் சார், பாருங்க” என்றாள்.

புரட்டினேன். என் மெமோ. அடுத்தது என் விளக்கம், அவள் கையெழுத்தோடு. மூன்று பக்கங்கள், அழகாக டைப் செய்திருந்தாள். அதற்கு அடுத்த தாளில் கையால் எழுதிய ஓர் அலுவலகக் குறிப்பு.

‘தனியரின் விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. கோப்பை இடம் மாற்றி வைத்ததைத் தனியரே ஒப்புக்கொள்கிறார். மழை, பணிச்சுமை, தாயாரின் நோய் ஆகியன ஏற்கத்தக்க காரணங்கள் அல்ல. தனியர் இயல்பிலேயே அலட்சியப் போக்குடையவர். பதவி உயர்வுப் பட்டியலுக்குப் பரிந்துரைக்க இயலாது. நேரில் விவாதிக்கப்பட்டது.’

கீழே என் சுருக்கொப்பம். அதற்குக் கீழே அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து. இரண்டுக்கும் ஒரே தேதி: 22.9.2008. திங்கட்கிழமை.

அவர் முகாம் போகவில்லை. அவர் அறையில், அவர் எதிரில் நின்று இதை நான் பேசியிருக்கிறேன். கோப்பு சிதம்பரத்தில் என் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அன்று. அன்றைக்கு நாற்பது தபால் இருந்திருக்கும், விளக்கம் என்று ஒன்று மேசைக்கு வந்தால் கை தானாக இப்படித்தான் எழுதும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் என் குரல் எனக்கே கேட்டது. நிறுத்திவிட்டேன். காது இரண்டும் சுட்டது. வெட்கமாக இருந்தது. இந்த வயதில், ஒரு பெண்ணின் எதிரில் உட்கார்ந்து, தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எனக்கு மெமோ எழுத உட்கார்ந்தபோதே அவள் இதைப் படித்திருக்கிறாள். படித்துவிட்டும் மெமோவில் சேர்க்கவில்லை.

பிரிசில்லா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, தலைப்பும் பெறுநர் முகவரியும் அடித்து முடித்தாள். எட்டுத் தேதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டாள். பிறகு விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கெழம பைல் கெடச்சிதுன்னு போட்டுட்டேன். திங்கக்கெழமைக்கு என்ன சார் போடட்டும்?”